திரை அணையாதிருக்க

ஆவுடையப்பனுக்கு நாற்பத்தொன்பது வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று. பெயர் ஜன்னத். மதுரையில், ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் ஒரு மையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். கல்லூரி வாசலை மிதிக்காமல், தட்டுத்தடுமாறித் தானாகவே தொழில் கற்று அங்கே வேலைக்கு வந்தவர் ஆவுடையப்பன். முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவளிடம்தான் போவார். டீச்சர் என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அணையைத் திறந்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்பது அவருடைய கணக்கு. ஓடி முடிய ஒன்பது நாள் ஆகும். டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலில் கட்டளையை அடித்தால் தொடங்கிவிடும். ஆனால் கணினியிலிருந்து லாக் அவுட் செய்த மறுநொடி செத்துப்போகும். மையத்தின் விதியோ, எழுந்து போகிறவர் லாக் அவுட் செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது. அதே நாற்காலிக்கு அடுத்த ஷிப்ட்காரர் வருவார்.

இரண்டு தடவை அப்படிக் கணக்கு செத்தது. மூன்றாவது தடவை ஆவுடையப்பன் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த ஷிப்டையும் தானே பார்ப்பதாகச் சொல்லி ஒன்பது நாளும் அங்கேயே கிடந்தார். தூக்கம் நாற்காலியில். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அணைந்துவிடும் திரையை, ஜன்னத்திடம் வழி கேட்டு, அணையாமல் செய்துகொண்டார். கோழி அடைகாக்கிறது என்று வாட்ச்மேன் சிரித்தார்.

ஆறாம் நாள் தென்காசியிலிருந்து தம்பி மனைவி கோமதி போன் செய்தாள். அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. யார் முதலில் பேசுவது என்பதில் நின்றுபோன பேச்சு. இவருக்கு ரொம்ப முடியவில்லை, கண்ணைத் திறந்தால் உங்களைத்தான் கேட்கிறார் என்றாள் கோமதி. வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, நான் எழுந்தால் நின்றுவிடும், மூன்று நாளில் வருகிறேன் என்றார் ஆவுடையப்பன்.

எட்டாம் நாள் தம்பி போய்விட்டான். ஒன்பதாம் நாள் கணக்கு முடிந்தது. பத்தாம் நாள் அவர் போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இப்போது அணையின் மட்டத்தை மாற்றி மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டார்கள். இன்று தொடங்கியாக வேண்டும். நாளை மறுநாள் தம்பிக்குப் பதினாறாம் நாள். "இதுக்காவது வாங்க அத்தான்" என்றிருந்தாள் கோமதி.

மதியம் மூன்று மணிக்கு ஜன்னத்தின் மேஜைமுன் போய் நின்றார்.

"டீச்சர், நான் ஊருக்குப் போகணும். இதுவும் ஓடணும். வழி இருக்கா?"

அவள் எழுந்து அவருடைய இடத்துக்கு நடந்தாள். கறுப்பு ஜன்னலைத் திறந்து, நொடிக்கு ஒன்றாக எண்ணும் சின்னக் கணக்கு ஒன்றை ஓடவிட்டாள். பதினேழில் லாக் அவுட் செய்தாள். திரும்ப உள்ளே போனபோது எண்ணும் இல்லை, ஜன்னலும் இல்லை.

"இதுதான் எனக்கே தெரியுமே," என்றார்.

இந்தத் தடவை அதே ஜன்னலுக்குள் டீமக்ஸ் என்ற ஒன்றைத் திறந்தாள். உட்கார்ந்திருப்பவர் எழுந்து போனாலும் மூடாத இன்னொரு ஜன்னல் அது. எண்ணிக்கையை அதற்குள் தொடங்கி, அதை ஓடவிட்டுத் தான் மட்டும் அதிலிருந்து வெளியே வந்தாள். ஆள் வெளியே போனாலும் அவர் வேலையைக் கூட்டித் தள்ளாதே என்று கணினிக்கு வேறொரு வரி. பிறகு லாக் அவுட்.

"வாங்கண்ணே, டீ குடிப்போம்."

கேன்டீனில் அவள் மகனுக்குப் பல் ஆடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அவரையே திறக்கச் சொன்னாள். திறந்தார்.

எழுநூற்று நாற்பத்தொன்று. எழுநூற்று நாற்பத்திரண்டு.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை வரி டீச்சர் இது?"

"ரெண்டு."

அவரே அந்த இரண்டு வரியையும் அடித்தார். வெள்ளக் கணக்கைத் தொடங்கினார். நடுவில் சிக்கினால் என்ன செய்வது என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் இருந்தால் நல்லது இல்லையா என்றார். நீங்கள் இருப்பது அதற்குத் தெரியாது என்றாள். தென்காசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஐந்தரை என்றார். மணி நாலரை.

லாக் அவுட்டை அழுத்தினார். உறுதிதானா என்று ஒரு பெட்டி எழும்பியது. சுட்டியின்மேல் அவர் விரல் அப்படியே நின்றது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றார். குரல் ஏறவில்லை. "ஒன்பது நாள் இங்கதான் கிடந்தேன். நீங்களும் பார்த்துக்கிட்டுத்தான போனீங்க. ரெண்டு வரி. என் தம்பி முகத்தையாவது பார்த்திருப்பேன்."

ஜன்னத் அவரைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க வந்து கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குண்ணே. திரை அணையாம இருக்க என்ன செய்யணும்னு கேட்டீங்க. எழுந்து போகணும்னு கேட்கலை."

அறுபது நொடியில் தானாகவே வெளியேறிவிடும் என்று எழுதியிருந்தது பெட்டியில். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று என்று அது குறைந்துகொண்டிருந்தது.