அப்பனுக்குத் தலை, மகளுக்கு வால்

ஒரு ஊர்ல ஒரு அப்பனும் மகளும் இருந்தாங்க. சொந்த ஊர்ல இல்ல. கடல் தாண்டி, ஒரு குளிர் தேசத்துல. ம் போடு. ம் போடலேன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அப்பன் பேரு சுடலைமுத்து. மீன் கம்பெனியில வேலை. வர்ற மீனையெல்லாம் தலை வேற, வால் வேறயா வெட்டிப் பெட்டியில அடுக்கணும். சதக், சதக், சதக். நாள் முழுக்க அதே சத்தம். அந்த ஊர்ப் பாஷையில அவனுக்குத் தெரிஞ்சது அஞ்சாறு வார்த்தைதான். தலை, வால், கத்தி, பெட்டி, சீக்கிரம். அஞ்சு வருஷத்துல அவ்வளவுதான் ஏறிச்சு.

மக பேரு அன்பரசி. ஆறு வயசு. கைக்குழந்தையா தூக்கிட்டுப் போன பிள்ளை. அவளுக்கு அந்தப் பாஷை தடதடன்னு வரும். கடைக்குப் போனாலும் டாக்டர்கிட்டப் போனாலும் அவதான் அப்பனுக்கு வாய். ஆனா வீட்டுக்குள்ள அந்தப் பாஷையில ஒரு சொல் வந்தா போச்சு. "ஏட்டி! தமிழ்ல பேசு!"ன்னு கத்துவான். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுன்னு ஆடும். பிள்ளை சுருண்டுக்கும்.

"உங்கள மாதிரி கத்துவாரா?"

என்னை மாதிரிதான். ம் மட்டும் போடு.

"ம்."

பிள்ளை வளர்ந்துகிட்டே இருந்தா. சட்டை குட்டையாச்சு, செருப்பு பத்தல. அதெல்லாம் அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனா அவ பொம்மைகிட்டக்கூட அந்தப் பாஷையிலதான் ரகசியம் பேசுவா. என்ன பேசுறான்னு அப்பனுக்குத் தெரியாது. கோவமெல்லாம் அதுலதான்.

அப்புறம் ஒரு நாள், ரெண்டு பேரும் கப்பல் ஏறப் போனாங்க. அம்மாக்காரி வடிவு, பக்கத்து நாட்டுல இருக்கிற அவ அக்காளுக்குப் பிரசவம்னு முன்னாடியே போயிருந்தா. இவங்களும் போய்ச் சேர்ந்துக்கணும். காலையில துறைமுகம். கப்பல் மூணு சங்கு ஊதும். மூணாவது ஊதினா கிளம்பிடும்.

பூம்ம்ம்ம். முதல் சங்கு.

வாசல்ல ஒரு ஆபீசரம்மா. கண்ணாடி போட்டவ. ரெண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தா. இதைப் பார்த்தா, அதைப் பார்த்தா. மறுபடி இதைப் பார்த்தா. முகம் மாறிப்போச்சு.

அந்த ஊர்ல பேருக்குப் பின்னாடி ஒட்டுற வால்பேரு குடும்பத்துக்கே ஒண்ணுதான். அப்பனுக்கு என்னவோ அதுதான் பிள்ளைக்கும். இங்க அப்பன் சுடலைமுத்து பேச்சிமுத்து. பேச்சிமுத்துங்கிறது அவனோட அப்பா பேரு. மக அன்பரசி சுடலைமுத்து. வால் ஒட்டவே இல்ல.

"இது யார் பிள்ளை?"ன்னு கேட்டா.

அன்பரசி பதில் சொல்ல வாயைத் திறந்தா. ஆபீசரம்மா கையைக் காட்டி, "நீ பேசாத. அவர் சொல்லட்டும்"னுட்டா.

அப்போ அப்பன் என்ன பண்ணுவான்? தெரிஞ்ச வார்த்தையிலதானே சொல்லணும். தன் நெஞ்சைத் தட்டி "தலை"ன்னான். பிள்ளையைக் காட்டி "வால்"னான். "தலை, வால்! தலை, வால்!" கையால வேற வெட்டிக் காட்டினான், சதக்னு.

சிரிக்காத. அவன் சரியாத்தான் சொன்னான். அவன் தலைப்பேருதான் அவளுக்கு வால்பேரு. ஆனா கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? யாரோ ஒருத்தன் யாரோட பிள்ளையையோ தள்ளிக்கிட்டு வந்து, தலை, வால், வெட்டுங்கிறான்.

அப்போ ரெண்டு காவலாளி வந்தாங்க. தடக் தடக்னு பூட்ஸ் சத்தம். ஒருத்தன் அப்பன் பக்கத்துல நின்னான். இன்னொருத்தன் பிள்ளையைக் கண்ணாடி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனான். ஆபீசரம்மாவும் பின்னாடியே போனா. கதவு கடக்னு மூடிச்சு.

வடிவு இருக்கிற அக்கா வீட்டுக்குப் போன் போட்டாங்க. ட்ரிங், ட்ரிங். எடுக்க ஆளில்ல. அக்கா ஆஸ்பத்திரியில. வடிவு இவங்களைக் கூட்டிட்டு வர அந்தப் பக்கத் துறைமுகத்துக்குக் கிளம்பிட்டா.

"பிள்ளை சொல்றதை வச்சுத்தான் முடிவு. இல்லேன்னா உங்ககிட்டக் குடுக்க முடியாது. பிள்ளைங்க விடுதிக்கு அனுப்பிடுவோம்"னு காவலாளி மெதுவா, கையைக் கையைக் காட்டிச் சொன்னான். அதுமட்டும் அப்பனுக்கு நல்லாப் புரிஞ்சுது. தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டான்.

முழிச்சிருக்கியா?

"ம்... அவளை அனுப்பிடுவாங்களா?"

சொல்றேன்ல. உள்ள பேசினது எதுவும் அவனுக்குக் கேட்கல. வாய் அசையுறது மட்டும் தெரிஞ்சுது. பல வருஷம் கழிச்சு அவளே அப்பன்கிட்டச் சொன்னாளாம். உனக்கு இப்பவே சொல்லிடுறேன்.

ஆபீசரம்மா முதல் கேள்வி கேட்டா. "சுடலைமுத்து யாரு?"

"நான்தான்"னா அன்பரசி. பள்ளிக்கூடத்துல டீச்சர் அப்படித்தானே கூப்பிடுறாங்க.

"அப்போ உன் அப்பா பேரு?"

பிள்ளை யோசிச்சா. அப்பாவை அம்மா என்னன்னு கூப்பிடுவா? வடிவு சாகுறவரைக்கும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னு இருக்கிறவ. "என்னங்க"ன்னுதான் கூப்பிடுவா.

"என்னங்க"ன்னா பிள்ளை. "எங்கப்பா பேரு என்னங்க."

ஆபீசரம்மா அதை எழுதிக்கிட்டு வெளிய வந்தா. அப்பன் பின்னாடி நின்னு, "என்னங்க?"ன்னா.

அவன் திடுக்குன்னு திரும்பி, "ஆங்! வடிவு?"ன்னான்.

போச்சு. பாஸ்போர்ட்ல ஒரு பேரு, கூப்பிட்டா திரும்புறது இன்னொரு பேருக்கு. ரெண்டு பேர்க்காரன்னு எழுதிக்கிட்டு அவ மறுபடி உள்ள போனா. கடக்.

பூம்ம்ம்ம். ரெண்டாவது சங்கு.

ரெண்டாவது கேள்வி. "உன் பேரும் அவர் பேரும் ஒண்ணா இல்லையே. அப்புறம் எப்படி அவர் உன் அப்பா?"

பிள்ளைக்கு அழுகை முட்டிச்சு. ஆனா அழல. ஆபீசரம்மா நெஞ்சுல குத்தியிருந்த பேர்ப்பட்டையைப் பார்த்தா. எழுத்துக் கூட்டிப் படிச்சா. அப்புறம் விரலை நீட்டிக் கேட்டா.

"இது உங்க அப்பா பேரா?"

"இல்ல. என் வீட்டுக்காரர் பேரு."

"அப்போ உங்க அப்பா உங்க அப்பா இல்லையா?"

வெளிய நிக்கிற அப்பனுக்கு என்ன தெரியும்? மக ஆபீசர் நெஞ்சுக்கு நேரா விரலை நீட்டுறா, அவ முகம் செவந்து போகுது. கெடுத்துட்டாளேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டான். கத்தணும்போல வந்துது. கத்தினா கேட்காது, கண்ணாடி.

ஆபீசரம்மா பாஸ்போர்ட் ரெண்டையும் மறுபடி எடுத்தா. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வச்சா. விரலால தடவித் தடவிப் பார்த்தா. மக பேரோட வால்ல சுடலைமுத்து. அப்பன் பேரோட தலையில சுடலைமுத்து. "தலை... வால்..."னு தனக்குள்ள சொல்லிக்கிட்டா. அப்போதான் விளங்கிச்சு.

ஆனாலும் விடல. பேனாவை மூடி வச்சுட்டுக் கடைசிக் கேள்வி கேட்டா. மெதுவாக் கேட்டா.

"அவரைப் பார்த்தா உனக்குப் பயமா?"

பிள்ளை திரும்பி, கண்ணாடி வழியா அப்பனைப் பார்த்தா. அப்பனும் அவளைப் பார்த்தான். என்ன கேள்வின்னு அவனுக்குத் தெரியாது. வேர்வை ஒழுகுது. தொப்பியைக் கையில வச்சுக் கசக்கிக்கிட்டு நிக்கிறான். அவ பார்த்துக்கிட்டே இருந்தா.

என்ன சொல்லியிருப்பா சொல்லு.

"...இல்லன்னு."

அதான் இல்ல. "ஆமா"ன்னா.

"ஆமா. கத்துவாரு. கத்தினா எனக்குப் பயம்தான்."

ஆபீசரம்மா பேனாவை மறுபடி திறந்தா.

"ஆனா இப்போ அவரு பயந்து போய் நிக்கிறாரு. தனியா நிக்கிறாரு. அவருக்கு இங்க யாரோடயும் பேச வராது. நான் போகணும்"னா.

ஆபீசரம்மா கொஞ்ச நேரம் அப்பனைப் பார்த்தா. அப்புறம் பாஸ்போர்ட்டை எடுத்தா. டக். டக். ரெண்டு முத்திரை. கதவைத் திறந்துவிட்டா.

பூம்ம்ம்ம். மூணாவது சங்கு.

பிள்ளை ஓடிவந்து, "வாங்கப்பா, சீக்கிரம்!"னு கையைப் பிடிச்சு இழுத்தா. ரெண்டு பேரும் தடதடன்னு ஓடி, ஏணிப்பலகையைத் தூக்குறதுக்குள்ள ஏறிட்டாங்க.

கப்பல் நகர்ந்து கரை தூரமாப் போச்சு. அப்பனுக்கு அப்போதான் குரல் வந்துது. "கடைசியா என்னட்டி கேட்டா அவ?"

"ஒண்ணுமில்லப்பா."

கடலைப் பார்த்துக்கிட்டே சொன்னா. காலை வரைக்கும் கேட்டதையெல்லாம் ஒண்ணுவிடாம ஒப்பிக்கிற பிள்ளை. இப்போ பெரியவங்க சொல்ற மாதிரி, ஒண்ணுமில்லங்கிறா. அப்பன் அவளையே பார்த்தான். திரும்பக் கேட்கல.

"அதுக்கப்புறம்... கத்தினாரா?"

கத்தினான். ஒரே நாள்ல போற பழக்கமா அது? ஆனா கத்துறப்போவே அவ முகத்தைப் பார்ப்பான். பார்த்தா குரல் பாதியிலயே நின்னுடும்.

அவ்வளவுதான். கப்பல் அக்கரை சேர்ந்துது, கதையும் சேர்ந்துது. நீ மட்டும் ஏன் இன்னும் முழிச்சுக்கிட்டு? கண்ணை மூடு.