எது முதலில் வருகிறதோ

மருதடிக்குளத்தில் புத்திசாலிகளே கிடையாதா என்று கேட்டால், உண்டு. தேடினால் பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். ஆனால் இந்தக் கதை மேலத்தெருவில் நடந்ததால் அவர்களுக்கு இதில் வேலையில்லாமல் போயிற்று.

மேலத்தெருவில் மூன்று சகலைகள் இருந்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். நடுவிலவர் தங்கப்பழம், பலசரக்குக் கடைக்காரர். இளையவர் இசக்கிராஜ், முன்பு மினிபஸ் ஓட்டியவர். மூவரும் எதையும் சேர்ந்துதான் யோசிப்பார்கள். தனித்தனியாக யோசித்தால் மூன்று சின்னத் தப்புகள் வரும், சேர்ந்து யோசித்தால் ஒரே பெரிய தப்போடு முடிந்துவிடும்.

இவர்கள் கார் வாங்கியதற்குக் காரணம் ஆவுடையப்பனின் சம்பந்தி பிரம்மநாயகம். ஆவுடையப்பனுக்கு ஒரே மகள் வடிவு. கல்லிடைக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார். தீபாவளிச் சீரை அவர் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கியதை பிரம்மநாயகம் மறக்கவே இல்லை. வடிவு உண்டானதும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

"வளைகாப்பு முடிச்சு மகளைக் கூட்டிட்டுப் போவணும்னா சொந்த வண்டியில வரச் சொல்லு. பஸ்ஸுல வந்தா அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கயே நடக்கட்டும்."

ஆவுடையப்பனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும், பேரப்பிள்ளையின் முதல் அழுகை தன் வீட்டில்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து செக்கைத் துடைக்கப் போய்விடுவார். சகலைகள் இருவரும் அதைப் பார்த்துத் தாங்காமல் ஆளுக்கொரு பங்கு போட, ஜூன் ஐந்தாம் தேதி வெள்ளை நிறக் கார் ஒன்று செக்கு வாசலில் வந்து நின்றது. வளைகாப்பு ஜூலை ஆறாம் தேதி. வடிவுக்குக் கால் வீங்கியிருந்ததால் அவள் அம்மா கோமதி துணைக்கு முன்னாடியே கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விட்டாள்.

திருநெல்வேலி ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த சர்வீஸ் அட்வைசர் தம்பி ரொம்பப் பணிவானவன். மூவரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, முதல் சர்வீஸ் ஃப்ரீ. ஆயிரம் கிலோமீட்டர் இல்லேன்னா ஒரு மாசம், எது முதல்ல வருதோ அப்ப கொண்டு வந்திரணும். தவற விட்டுட்டா வாரண்டி போயிரும். லேபர் ஃப்ரீ, ஆயில் மட்டும் நீங்க குடுக்கிற மாதிரி இருக்கும்."

ஊர் வந்ததும் செக்கில் கூட்டம் போட்டார்கள்.

"எது முதல்ல வரும்னு அவன் சொல்லலையே," என்றார் தங்கப்பழம்.

"அவனுக்கே தெரியாது போல," என்றார் இசக்கிராஜ். "தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டானா?"

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டையும் காவல் காக்க வேண்டியதுதான். தங்கப்பழம், நீரு மாசத்தப் பாத்துக்கிடும். இசக்கி, நீரு கிலோமீட்டரப் பாத்துக்கிடும். எது வந்தாலும் அந்த நிமிசமே எங்கிட்ட சொல்லிரணும். இதுல ஏமாந்தோம்னா வண்டி போச்சு. வண்டி போச்சுன்னா எம் பொண்ணும் வர மாட்டா."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பொறுப்பு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் எவனுக்கும் ரோஷம் வந்துவிடும். மாசம் முதலில் வந்தால் இசக்கிராஜுக்கு அவமானம், கிலோமீட்டர் முதலில் வந்தால் தங்கப்பழத்துக்கு அவமானம்.

இசக்கிராஜ் மறுநாளே காரை எடுத்துக்கொண்டு தீப்பெட்டி வாங்க அம்பாசமுத்திரம் போனார். அதற்கு மறுநாள் சவரம் செய்துகொள்ள தென்காசி போனார். சவரம் சரியில்லை என்று சாயங்காலம் மறுபடி போய் மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். வரும்போதெல்லாம் மீட்டரைப் படித்துச் சத்தமாக அறிவிப்பார்.

தங்கப்பழத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் கையில் இருந்தது செக்குச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் ஒன்றுதான். தினமும் காலையில் முகம் கழுவிவிட்டு பயபக்தியோடு ஒரு தாள் கிழிப்பார். இசக்கிராஜ் நானூறு என்று அறிவித்த அன்று அவர் இரண்டு தாள் கிழித்தார்.

"என்ன வே, ரெண்டு கிழிக்கீரு?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"அண்ணாச்சி, நாளைக்கு அஷ்டமி. நல்ல காரியத்துக்குக் காத்திருக்கும்போது அஷ்டமி எதுக்கு நமக்கு?"

ஆவுடையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. அஷ்டமி போனபின் நவமியும் வேண்டாம் என்றாயிற்று. பிறகு தங்கப்பழத்துக்கு ராசிபலன் சரியில்லாத நாட்களும் கழிந்தன. தங்கப்பழத்துக்கு ராசிபலன் அந்த மாதம் அடிக்கடி சரியில்லாமல் இருந்தது.

காலண்டர் இப்படி ஓடுவதைப் பார்த்து ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். வயதானால் நாள் வேகமாக ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறார், ஆனால் இவ்வளவு வேகம் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய பட்டன் போன் வாங்கிய நாளிலிருந்து ஜனவரி ஒன்றாம் தேதியையே காட்டிக்கொண்டிருந்ததால், நாள் விஷயத்தில் போனை அவர் நம்புவதில்லை. மற்ற இரண்டு சகலைகளின் வீட்டிலும் பெண்டாட்டிமார் இருந்தார்கள்தான். ஆனால் புருஷன் எந்தத் தேதியில் இருக்கிறான் என்று கேட்கிற வழக்கம் அந்த வீடுகளில் கிடையாது.

கோமதி மட்டும் போனில் பேசினாள். "நாள் நெருங்குதுங்க. எல்லாம் வாங்கியாச்சா?"

"நெருங்குதா? ஓடி வருது. இருக்கப்பட்ட நாளெல்லாம் கண்ணு முன்னால கிழிஞ்சு போகுது," என்றார் ஆவுடையப்பன். மனுஷன் மகளை நினைத்து உருகுகிறார் என்று கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு காலை நேரத்தில் இசக்கிராஜ் காரைச் செக்கு வாசலில் நிறுத்திவிட்டு, "ஆயிரம்!" என்று கத்தினார். அதே நேரம் உள்ளே இருந்து, "அஞ்சாம் தேதி! மாசம் வந்துட்டு!" என்று தங்கப்பழம் தாளோடு ஓடிவந்தார். இருவரும் வாசற்படியில் முட்டிக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் திகைத்துப்போனார். இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று அந்தத் தம்பி சொல்லவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்து, "ரெண்டும் வந்துட்டா இன்னும் நல்லது. போவோம்," என்றார்.

இசக்கிராஜ் சாவியைத் திருப்பப் போனவர், கையை எடுத்துவிட்டார். "அண்ணாச்சி, ஆயிரத்துல கொண்டு வரச் சொன்னான். இங்கிருந்து திருநெல்வேலி நாப்பது. ஓட்டிட்டுப் போனா ஆயிரத்தி நாப்பதால்லா ஆயிரும்?"

மூவர் முகத்திலும் ஈயாடவில்லை. மகள், பேரப்பிள்ளை, பிரம்மநாயகம் எல்லாரும் ஆவுடையப்பன் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஓட்டாம கொண்டு போவோம்," என்றார் தங்கப்பழம். அவருக்கு எப்போதாவது இப்படி ஒரு யோசனை வரும்.

பக்கத்துத் தெரு டிராக்டர் வந்தது. டிரெய்லரைக் குளத்துக் கரையோரம் பள்ளத்தில் நிறுத்தி, கரையிலிருந்து பலகை போட்டு, பதினாறு பேர் காரைத் தள்ளி ஏற்றினார்கள். அத்தனை நேரமும் இசக்கிராஜ் உள்ளே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி இருந்தார். எண் நகரவில்லை. மூவரும் டிரெய்லர் மேல் நின்ற காரில் ஏறி, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு திருநெல்வேலி போய்ச் சேர நாலு மணி நேரம் ஆயிற்று.

அட்வைசர் தம்பி ஓடிவந்தான். "என்ன அண்ணாச்சி, பிரேக்டவுனா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. தங்கமா ஓடுது," என்றார் ஆவுடையப்பன்.

"அப்புறம் ஏன் டிராக்டர்ல?"

"ஓடுனா கூடிருமே."

அவன் கம்ப்யூட்டரைத் தட்டி, "வண்டி எடுத்து இருபது நாள்தான் ஆயிருக்கு, அதுக்குள்ள ஆயிரமா?" என்றான்.

தங்கப்பழம் எட்டிப் பார்த்தார். திரையில் ஜூன் இருபத்தைந்து என்று இருந்தது. அவர் ஆவுடையப்பன் காதோடு சொன்னார்: "பாவம் அண்ணாச்சி, இங்க மிஷின் பத்து நாள் மெதுவா ஓடுது. தம்பி மனசு நோகும், சொல்லாண்டாம்."

"வண்டியில என்ன கம்ப்ளைன்ட் அண்ணாச்சி?" என்றான் அவன், பேனாவை எடுத்துக்கொண்டு.

மூவரும் ஒதுங்கிப்போய் ஆலோசித்தார்கள். குறை ஒன்றுமில்லை என்று சொன்னால், பிறகு எதற்கு வந்தீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவான். அனுப்பிவிட்டால் வாரண்டி போச்சு. கடைசியில் இசக்கிராஜ்தான் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்.

"இந்தக் கண்ணாடியில பாத்தா பின்னால வார பஸ், லாரி எல்லாத்துலயும் எழுத்து இடவலமா மாறிக் கெடக்கு தம்பி. ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் சரியாத் தெரியுது."

அவன் அதையும் அப்படியே எழுதிக்கொண்டான்.

"ஆயில் மாத்திரலாமா?"

இதற்காகவே காத்திருந்த ஆவுடையப்பன் டிக்கியிலிருந்து பத்து லிட்டர் டின்னை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். "ஆயிலு நாங்க குடுக்கணும்னு சொன்னியே. நம்ம செக்குல ஆட்டுன நல்லெண்ணெய். எஞ்சின் சூட்டுக்கு ரொம்பக் குளிர்ச்சி."

அட்வைசர் தம்பி டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, திருப்பிக் கொடுத்தான். அவர்களிடமே வேறு எண்ணெய் இருக்கிறதாம். எஞ்சினுக்குள் பிசுபிசுவென்று எதையோ ஊற்றியதைப் பார்த்து ஆவுடையப்பனுக்கு மனசே ஆறவில்லை.

சாயங்காலம் கழுவித் துடைத்து வண்டியைக் கொடுத்தார்கள். மறுநாள் காலண்டரில் ஜூலை ஆறு. தாம்பாளம், வளையல் பெட்டி, பூ, பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மூவரும் கல்லிடைக்குறிச்சியில் போய் இறங்கினார்கள். திருப்பிக் கொடுத்த நல்லெண்ணெயும் சீரோடு சீராக வந்தது.

பிரம்மநாயகம் துண்டோடு பல் விளக்கிக்கொண்டிருந்தார். பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை, ஒரு சொந்தக்காரர் இல்லை.

"என்ன சம்பந்தி," என்றார் ஆவுடையப்பன், தாம்பாளத்தை நீட்டியபடி. "சொன்ன மாதிரி சொந்த வண்டியில வந்துட்டேன். இங்க வளைகாப்புக்கு ஒரு ஏற்பாடும் காணலையே?"

"வளைகாப்புக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு வே!"

உள்ளே இருந்து வந்த கோமதி தலையில் கைவைத்தாள். ஆவுடையப்பன் தங்கப்பழத்தைத் திரும்பிப் பார்த்தார். தங்கப்பழம் கொஞ்சமும் கலங்காமல் பிரம்மநாயகத்தின் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு காலண்டர் தொங்கியது.

"இவ்வளவுதானா விசயம்?" என்றார். "இங்க கிழிக்காம விட்டிருக்காவ."

எட்டிப்போய்த் தடுப்பதற்குள் பத்துத் தாள் தரையில் கிடந்தன.

பிரம்மநாயகம் ஆத்திரத்தில் குதித்தார். ஆவுடையப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சம்பந்தி. உங்க கணக்குப்படி பத்து நாள் இருக்குன்னா, இருந்து கூட்டிட்டே போறோம். திரும்பிப் போனா வண்டி வீணா ஓடும்," என்று சொல்லி உட்கார்ந்தார். மூவரும் காலையில் பன்னிரண்டு பன்னிரண்டு இட்லி சாப்பிட்டார்கள். மத்தியானம் இசக்கிராஜ் குழம்புக்குப் புளி வாங்கிவருகிறேன் என்று தூத்துக்குடிக்குக் கிளம்பினார். தங்கப்பழம் ஓய்வாக இருந்ததால் அடுத்த மாதத்தைக் கிழிக்கத் தொடங்கியிருந்தார்.

சாயங்காலம் பிரம்மநாயகம் ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தார். நாளைக்கே நல்ல முகூர்த்தம் இருக்கிறதாம்.

மறுநாள் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு வடிவு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது ஆவுடையப்பன் குலுங்கி அழுதுவிட்டார். பிரம்மநாயகம் தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பினார். வண்டி திரும்பிவிடுமோ என்று கண் மறையும் வரை நின்று பார்த்தார்.

வழியில் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் வடிவைக் காட்டினார்கள். டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"ஆகஸ்ட் மூணாம் தேதி இல்லேன்னா வலி, எது முதல்ல வருதோ அப்ப உடனே இங்க கூட்டிட்டு வந்திரணும்."

மூன்று சகலைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் எழுந்து, தோள் துண்டைச் சரிசெய்தார்.

"தங்கப்பழம், நீரு தேதியப் பாத்துக்கிடும். இசக்கி, நீரு வலியப் பாத்துக்கிடும்."

கோமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி மருதடிக்குளத்தில் நின்றதும் நிற்காததுமாக இறங்கி, காலண்டரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்ட செக்குக்கு ஓடினாள். ஆனால் தங்கப்பழம் அதற்கு முன்பே இறங்கியிருந்தார். அவர் கையில் ஏழு தாள் இருந்தன.

அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த இசக்கிராஜ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். முகம் வியர்த்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"அண்ணாச்சி… வலி முதல்ல வந்துட்டு."

ஆவுடையப்பன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. டாக்டரம்மா உடனே என்று சொல்லியிருந்தாள். பெட்டியோடு வடிவை வாசலில் இறக்கிவிட்டு, ஓடிப்போய் முன் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இசக்கிராஜையே ஓட்டச் சொல்லிப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.