கம்பளியில் தேய்த்த இரண்டு பலூன்கள்

"சாமியம்மா, எங்கண்ணன் குணத்தை மாத்த ஒரு வழி சொல்லுங்க."

ஒச்சப்பன் திருவிழாக்களில் பலூன் விற்பவன். கழி நிறையப் பலூனோடு மலையேறி வந்திருந்தான். குகை வாசலில் கம்பளியை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்த சாமியம்மா அவனைவிடப் பத்து வயது இளையவர்.

"என்ன செஞ்சார் உங்கண்ணன்?"

"அவரும் பலூன்தான் விக்கிறார். ஒண்ணா இருந்து பழகின தொழில். இப்ப பத்தடி தூரத்துல பார்த்தாலே ரெண்டு பேருக்கும் பத்திக்குது. ஆறு வருசமாச்சு. நாளைக்கு மலேசியா போறார், மக வீட்டுக்கு. இனி வரமாட்டார்."

"ரெண்டு பலூன் குடு."

வாசல் மரத்தின் ஒரே கிளையில் நூல் கட்டித் தொங்கவிட்டார். மஞ்சளும் சிவப்பும் ஒன்றையொன்று உரசி நின்றன.

"மஞ்சள் உங்கண்ணன். சிவப்பு நீ."

கம்பளியால் இரண்டையும் பரபரவென்று தேய்த்தார். கையை எடுத்தார்.

பலூன்கள் விலகின. நடுவில் யாரோ நிற்பதுபோல இடைவெளி. காற்றே இல்லை.

ஒச்சப்பன் மஞ்சளைப் பிடித்துத் தள்ளினான். சிவப்பு நழுவியது. மறுபடி தள்ளினான். மறுபடி நழுவியது.

"ஒட்டித் தொலையேன்!"

மலை அதையே மெல்லத் திருப்பிச் சொன்னது.

சாமியம்மா தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். "கையை நனைச்சுப் பலூனைத் துடை."

ஈரக்கையோடு மஞ்சளிடம் போனான்.

"அது இல்லை."

"தப்பு பூரா அவர்மேல. நான் எதுக்குத் துடைக்கணும்?"

சாமியம்மா கம்பளியைத் திருப்பிப் போட்டார்.

"சரி, ஆளுக்குப் பாதி. அவர் பாதி, நான் பாதி."

"அவர் இங்க இல்லையேப்பா."

பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவன். வெயில் பாறைமேல் நகர்ந்தது. பிறகு கையை மறுபடி நனைத்து, பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலச் சிவப்பைத் துடைத்தான்.

மஞ்சள் அசைந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல மெல்ல மெல்ல வந்தது. சிவப்பின்மேல் சாய்ந்துகொண்டது.

"மஞ்சளை இப்ப நான் தொடவே இல்லையே!"

"தொடலைதான்" என்றார் சாமியம்மா.

கழியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான்.

அடிவாரத்தில் அண்ணன் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தார்.

"என்னடா, கடைசி நாளும் வம்புக்கு வந்துட்டியா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல சூடான பதில். ஒச்சப்பன் அதை விழுங்கினான். சும்மா நின்றான்.

அண்ணன் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"ஏண்டா... உடம்பு சரியில்லையா?" என்று ஓரடி முன்னால் வந்தார்.