கண்ணேறுக்குப் புரியாத பாராட்டு

மைனாவும் மாடும் மனிதரும் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கண்ணேறுக்கும் ஓர் உருவம் இருந்தது. பூசணிக்காய் அளவில், பனைமர உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். பெயர்தான் கண்ணேறு, பாதி வேலையைப் பார்த்தது காது. யாராவது யாரையாவது பாராட்டிவிட்டால் போதும், உடனே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். அது பார்த்த பசுவுக்கு மடி வற்றும். பார்த்த கொடி பொழுது சாய்வதற்குள் வாடும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அந்த நாளில் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

அதனால் கடலோரத்து அந்த ஊரில் பாராட்டு என்பதே கிடையாது. குழம்பு மணத்தால், "ஏதோ வாயில வைக்கலாம்" என்பார்கள். வலை நிறைய மீனோடு கரையேறியவனைப் பார்த்து, "நீயும் ஒரு ஆளுன்னு வந்துட்டே" என்பார்கள். பிரியமெல்லாம் ஏச்சாகத்தான் வெளியே வரும். பெரியவர்களுக்கு அது புரியும்.

அந்த ஊரில் ஆவுடை என்று ஒருத்தி. அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் தவழ்ந்து வந்து முந்தானையைப் பிடித்தபோது, "என் தங்கமே, எம்புட்டு அழகு நீ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மூன்றே நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. அதன் பிறகு தன் வாயைக் கண்டு தானே பயந்தாள். அடுத்ததாகப் பிறந்த பெண்ணை ஊர் வழக்கப்படி குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பம்மாள் என்று பேர் வைத்தாள்.

"கூறுகெட்ட மூதி, எதுக்குத்தான் லாயக்கு நீ?" இதுதான் அவள் பாடிய தாலாட்டு. பிள்ளை தூங்கியதும் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். ஒரு தும்மலுக்கும் உயிர் பதறும். அந்தப் பதைப்பு பிள்ளைக்குத் தெரியாது. ஏழு வயதுக்குள் குப்பம்மாள், தான் எதற்கும் லாயக்கில்லை என்று நம்பியே விட்டாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், சுள்ளி பொறுக்க ஓடைக்கு அக்கரை போயிருந்தாள் குப்பம்மாள். மேற்கே பெய்த மழை திடுமென்று வெள்ளமாக இறங்கிவிட்டது. ஓடைக்குப் பாலம் என்று இருந்தது ஒரே ஒரு பனந்தடி. பாதி உளுத்த தடி. சிறுபிள்ளையைத் தாங்கும், பெரியவர் கால் வைத்தால் முறியும். ஆவுடை இக்கரைக்கு ஓடி வந்தபோது, மகள் தடியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீருக்கும் தடிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"வாட்டி, வேகமா வா."

"கால் நடுங்குதும்மா."

'உன்னால முடியும், என் கண்ணு' என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஆவுடை. கரையில் நின்ற பனையின் உச்சியில் மட்டை அசைந்தது. கண்ணேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வந்த சொல்லை விழுங்கினாள். பழகிய வாய் பழகியதைச் சொல்லிவிட்டது.

"மூதி, நீ எங்க வந்து சேரப் போறே?"

குப்பம்மாள் அதை அப்படியே நம்பினாள். "ஆமாம்மா, என்னால முடியாது" என்று சொல்லி, தடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. 

ஆவுடை வீட்டுக் கூரையில் ஒரு மைனா குடியிருந்தது. தூரத்துத் துறைமுகத்தில், கப்பல் பாய்மரத்தில் பிறந்து வளர்ந்தது. அது பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது.

"யக்கா, ஏசினா பிள்ளை வராது. பாராட்டினா மேல இருக்கது பார்த்துரும். கப்பல்காரன் பேச்சுல சொல்லு. அது இந்த ஊரைத் தாண்டிப் போனதில்ல, அதுக்குப் புரியாது."

"அந்தப் பேச்சுல பாராட்டு இருக்கா?"

"ஒரு முடிச்சு ஒழுங்காப் போட்டாலே பாராட்டிக்குவானுக."

"ஒருவேளை அதுக்குப் புரிஞ்சுட்டா?"

மைனா இன்னும் நெருங்கி உட்கார்ந்தது. தெரிந்த நான்கு சொற்களை அவள் காதில் ஓதியது. தண்ணீர் தடியைத் தொட்டுவிட்டது.

"குட்" என்றாள் ஆவுடை. பிள்ளை தலையைத் தூக்கியது. "வெரி குட். கமான்."

சொல் ஒன்றும் குப்பம்மாளுக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தை அவள் இந்த ஏழு வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை. மெல்ல எழுந்தாள். ஓர் அடி வைத்தாள்.

"சூப்பர்" என்றாள் ஆவுடை. குரல் உடைந்துவிட்டது.

பனை உச்சியில் கண்ணேறு திரும்பியது. "ஏ மைனா, என்ன சொல்லுதா அவ?"

 பிள்ளை இன்னும் ஆறு அடி வர வேண்டும்.

"ஏசுதா" என்றது மைனா. "எப்பவும் ஏசுறதுதான். இன்னைக்குக் கொஞ்சம் கூடுதல்."

கண்ணேறு சற்று யோசித்தது. அந்த ஊரில் ஏச்சைத் தவிர வேறு எதை அது கேட்டிருக்கிறது? கொட்டாவி விட்டு மறுபக்கம் சாய்ந்துகொண்டது. குப்பம்மாள் கரையில் கால் வைத்தாள். அவள் பின்னாலேயே வெள்ளம் தடியைப் புரட்டிக்கொண்டு போனது.

ஆவுடை மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை கேட்டது. "அம்மா, என்னமோ சூப்பர்னு சொன்னியே, அப்படின்னா என்ன?"

அதன் அர்த்தம் தமிழில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. வழி நெடுகப் பனைமரங்கள் நின்றன.

"ஒண்ணுமில்லட்டி, நட" என்றாள்.

அன்று முதல்தான், பிள்ளை பாடம் ஒப்பித்தாலும் மருமகள் வைத்த ரசம் நாக்கில் நின்றாலும், கப்பல்காரன் பேச்சில் 'சூப்பர்' என்றும் 'வெரி குட்' என்றும் தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். அதையே தமிழில், பெற்ற மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரும்போது மட்டும் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.