கண்காட்சித் தக்காளி

வைரக்கண்ணுவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? விடிந்தால் தோட்டக் கண்காட்சி. தேங்காய் பருமனுக்குப் பார்த்துப் பார்த்து வளர்த்த தக்காளியை அணில் கடித்து வைத்திருந்தது.

முழுசாகத் தின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். நாலு இடத்தில் கடித்துப் பார்த்து, பிடிக்காத மாதிரி விட்டுவிட்டுப் போயிருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு அந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். குரு பூரணி அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அங்கே அவர் குரலை உயர்த்தாமல் பேசுவது அம்மாவிடம் மட்டும்தான். இன்று அதுவும் மறந்துபோயிற்று.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைரக்கண்ணு பழத்தை அவர் முன்னால் வைத்தார்.

"பாருங்கம்மா இந்த அநியாயத்தை."

"அணிலா?"

"அதேதான். கம்பி வாங்கி வெச்சிட்டேன். கூண்டு செஞ்சு அதைப் பிடிச்சு உள்ளேயே போட்டு வெக்கப் போறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஒரு பழத்துக்கா, ஐயா?"

"இருந்ததே ஒரு பழம்தாம்மா."

"நிறைய செடி வெச்சிருந்தீங்களே?"

"சத்து பங்கு போயிடும்னு மத்ததைப் பிடுங்கிட்டேன். இந்தச் செடியிலயும் ஒண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சப் பிஞ்சையெல்லாம் கிள்ளிப் போட்டேன். அப்படிச் செஞ்சாத்தான் பெருசாகும்." அந்தக் கோபத்திலும் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"செண்பகம் ரசத்துக்குக் கேட்டு வரலையா?"

வந்தாள்தான். சமையல்கட்டில் இருக்கும் செண்பகம், காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு ரசம் வைக்க வேண்டும் என்று இரண்டே இரண்டு பழம் கேட்டாள். தோட்டத்துப் படலைக்கூடத் திறக்காமல் அவளைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

"கேட்டுச்சு. கண்காட்சி முடியட்டும்னு சொன்னேன்." வைரக்கண்ணுவுக்கு எரிச்சலாக வந்தது. அணிலைப் பற்றிக் கேட்டால் இந்த அம்மா ரசத்தைப் பற்றிப் பேசுகிறாரே. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பசிக்குத் தின்னிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? தனக்கும் இல்லாம அடுத்தவங்களுக்கும் இல்லாம பாழாக்கிட்டுல்ல போயிருக்கு. இதை எப்படிம்மா சும்மா விடறது?"

அம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துப் பார்த்தார். கடித்த இடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நியாயம். சும்மா விடக் கூடாது. கூண்டு செய்யுங்க."

வைரக்கண்ணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஐயா, கம்பி போதுமான்னு பாத்துக்குங்க. ரெண்டு செய்யணும்."

"ரெண்டு எதுக்கும்மா? வந்தது ஒரு அணில்தானே?"

"அணிலுக்குச் சின்னது போதும்" என்றார் அம்மா.