முடிக்காத இலை

"பரீட்சைக்குப் போக மாட்டேங்கா, சாமி," என்றார் அப்பா.

"யாரு?"

"இவதான், என் மக. பன்னெண்டாவது. இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி. திங்கக்கிழமை வேதியியல். போகவே மாட்டேன்னு உக்காந்திருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

சாமி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கவே, கோமதிநாயகம்?"

"வேண்டுதல், சாமி."

மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, கொஞ்சம் கத்தரிச் செடி. அவ்வளவுதான் ஆசிரமம். சாமிக்கு அப்பாவைவிட வயது குறைவு. அப்பா பன்னிரண்டு வருடமாக அவர் சொன்னபடி நடக்கிறவர். அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்.

"என்ன வேண்டுதல்?"

"இவ பாஸாகி நல்ல காலேஜ்ல இடம் கிடைக்கிற வரைக்கும் காலுல செருப்பு போட மாட்டேன்னு. போன ஜூன்ல இருந்து."

அப்பா சர்வேயர். வயலிலும் கரட்டிலும் நடந்து நடந்து நிலம் அளக்கிற வேலை. ஜூனிலிருந்து வெறுங்காலோடு அளக்கிறார். சாயங்காலம் வந்ததும் காலை நீட்டி உட்காருவார். அம்மா ஊக்கால் முள் எடுப்பாள். அதற்கு எதிரே உட்கார்ந்து நான் படிக்க வேண்டும்.

"வீட்டுல மத்தவங்க?"

"இவ அம்மா காப்பியை விட்டுட்டா. டிவி கனெக்‌ஷனை எடுத்தாச்சு. சின்னவன் கிரிக்கெட் பேட்டைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டான். குக்கர்கூட வைக்கிறதில்ல சாமி, விசில் சத்தம் இவளுக்குத் தொந்தரவுன்னு."

சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு பெருமை இருந்தது. இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"அவ கேட்டாளா?"

"எதை, சாமி?"

"குக்கர் வேண்டாம்னு."

"அவ எதுக்குக் கேக்கணும்? நாங்களாத்தான் செய்யுதோம்."

சாமி அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் போக மாட்டேங்க?"

"வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை," என்றேன். "எனக்கு ஜன்னல் ஓரம் இடம். அப்பா ஸ்கூல் கேட்டுக்கு வெளியே தார் ரோட்டுல நின்னாங்க. மூணு மணி நேரம். இந்தக் காலைத் தூக்கி, அந்தக் காலைத் தூக்கி. நாலு கேள்வி எழுதாம வந்துட்டேன்."

"அதுக்கு?"

"அவங்க செருப்பு போடட்டும். நான் போறேன்."

"பாத்தீங்களா சாமி, வாயை!" என்றார் அப்பா. "வேண்டுதலைப் பாதியில விட்டா இவளுக்குத்தானே ஏதாவது ஆயிரும்? அது புரிய மாட்டேங்குது இவளுக்கு."

மிரட்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துபோய்த்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

சாமி கண்ணை மூடினார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாடத்தி," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "சோறு ஆச்சா?"

"ஆச்சு சாமி. இலை போடவா?"

மாடத்தி அக்காதான் அங்கே சமையல். நாலு பேருக்கும் இலை போட்டாள். சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். அப்பாவுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். அங்கே ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. இலையில் விழுந்ததை முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பன்னிரண்டு வருடத்தில் அப்பா அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. வீட்டிலும் அதைச் சொல்லித்தான் எங்கள் உயிரை எடுப்பார்.

அப்பா முதல் வாய் வைத்தார்.

சாமி தன் இலையை ஒரு அடி முன்னால் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாமி, சாப்பிடலையா?"

"இல்ல. வேண்டுதல்."

"எப்போ இருந்து சாமி?"

"இப்போ இருந்துதான். உமக்குச் சோறு நல்லா செமிக்கணும்னு வேண்டியிருக்கேன். நீரு இலையை முடிக்கிற வரைக்கும் நான் பச்சத்தண்ணி தொட மாட்டேன்."

"எனக்காகவா?"

"உமக்காகத்தான். நீரு சாப்பிடும்."

மாடத்தி அக்காவும் தன் இலையைத் தள்ளினாள்.

"உனக்கு என்ன மாடத்தி?"

"சாமியே சாப்பிடலை, எனக்கு மட்டும் எப்படி எறங்கும்? அண்ணாச்சி நல்லாச் சாப்பிடட்டும்."

நான் தள்ளவில்லை. எனக்குப் பசி.

அப்பா இரண்டாவது வாய் வைத்தார். அவர் கை இலையிலிருந்து வாய்க்குப் போவதையும் திரும்பி இலைக்கு வருவதையும் சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கத்தரிக்காயைத் தொடலையே?"

"தொடுதேன், சாமி."

"அவசரப்படாதேயும். என்னைப் பத்தி நினைக்காதேயும். காலைலயும் நான் ஒண்ணும் சாப்பிடலை. அது கெடக்கு, விடும்."

அப்பா கத்தரிக்காயைத் தொட்டார்.

"அண்ணாச்சி, ஃபேன் சத்தம் தொந்தரவா இருக்கோ?" என்று கேட்டாள் மாடத்தி அக்கா.

"அய்யோ, இல்ல தாயி."

"இருக்கும் இருக்கும்." எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் மாதம். தலைக்கு மேலே ஓடு. இரண்டு நிமிஷத்தில் அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. சாமிக்கும் ஓடியது. அவர் துடைக்கவில்லை.

அப்பாவுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் தம்ளரை எடுத்தார். சாமி அந்தத் தம்ளரைப் பார்த்தார். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்பா குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

"குடியும்."

"வேண்டாம், சாமி."

"நல்லா இருக்கா சாப்பாடு?"

"நல்லா இருக்கு, சாமி."

"பெறகு ஏன் கை நிக்கி?"

மூன்றாவது உருண்டை அப்பாவின் கையிலேயே இருந்தது. விக்கல் நிற்கவில்லை.

"சாமி, எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க சாப்பிடுங்க."

"வேண்டுதலைப் பாதியில விட்டா உமக்கு ஏதாவது ஆயிரும்."

"ஒண்ணும் ஆகாது சாமி! நீங்க இப்படி எதிர்த்தாப்புல பட்டினி உக்காந்திருந்தாத்தான் எனக்குத் தொண்டையிலயே நிக்குது. நீங்க மொதல்ல..."

அப்பா நிறுத்தினார்.

நான் அப்பளத்தைக் கடித்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சாப்பிடும்," என்றார் சாமி. "ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

கையில் இருந்த உருண்டையை இலையில் வைத்தார். எழுந்தார். சோற்றுக் கையோடு வாசலுக்குப் போனார்.

வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. சாமியுடையதைக் கண்டு காலை விலக்கினார். மாடத்தி அக்காவுடையதையும் தாண்டினார். என்னுடையதில் காலை நுழைத்தார். பாதி கால்தான் போயிற்று. குதிகால் இரண்டு விரல் அளவு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். யாரோ அறையப்போகிற மாதிரி.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அப்பளம் தின்றுகொண்டிருந்தேன். அடுத்த கண்ணையும் திறந்தார்.

"பாப்பா," என்றார். "போவியா?"

"போறேன். வார் அறுந்துரும்ப்பா, மெதுவா நடங்க. பஸ் ஸ்டாண்ட்ல உங்களுக்கு ஒண்ணு வாங்கிருவோம்."

அப்பா என் செருப்போடு தத்தித் தத்திக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனார்.

சாமி தன் இலையை இழுத்துக்கொண்டார். சாம்பாரைப் பிசைந்து பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டார்.

"சாமி, அண்ணாச்சி இன்னும் முடிக்கலையே," என்றாள் மாடத்தி அக்கா. "உங்க வேண்டுதல்?"

"நீ மொதல்ல ஃபேனைப் போடு," என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

அப்பாவின் இலையில் இரண்டு வாய்க்குமேல் குறையவில்லை. கத்தரிக்காய் தொட்டதோடு சரி, அப்படியே இருந்தது. முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று அவர் குரு சொல்லியிருந்தார்.

அப்பா முடிக்கவில்லை.