செண்பகவல்லி படிக்காத மெயில்

பாவூர்சத்திரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள் சுகந்தி. அவளிடம் தொழில் கற்க வந்த வேலாயுதம் அவளைவிட ரொம்பவே மூத்தவர். துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரை அவள் அண்ணாச்சி என்பாள். அவளை அவர் சுகந்திம்மா என்பார். கடைக்கு வருகிறவர்கள் வேலாயுதத்தை முதலாளி என்று நினைத்துப் பேசத் தொடங்கினால், அவர் கூச்சத்தோடு அவள் பக்கம் கை காட்டுவார்.

அவருக்குக் கை வேகம். எந்தக் கோளாறு வந்தாலும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது என்பார்.

"நீங்க ஏன் ஒவ்வொண்ணா நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று ஒரு நாள் காலையில் கேட்டார்.

"டீ ஆறுது, குடிங்க அண்ணாச்சி" என்றாள் சுகந்தி.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கொண்டுவந்த அம்மாளின் பெயர் செண்பகவல்லி. மெயிலைத் திறந்தால் உடனே மூடிக்கொள்கிறது என்றாள்.

"முக்கியமான மெயிலா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"எங்க வீட்டுக்காரர் எழுதுதது."

"எந்த ஊர்ல இருக்காங்க?"

"பக்கத்து ரூம்லதான்."

வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னாள். கணவர் நல்லபெருமாள் மண்டியில் காய்கறி ஏலம் கூவியவர். அவர் கூவினால் ரோடு வரைக்கும் கேட்கும். தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் அந்தக் குரல் அப்படியே போய்விட்டது. மகன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து உள்ளறையில் உட்கார்ந்து மெயில் எழுதுவார். இவள் கூடத்தில் இந்தப் பழைய கம்ப்யூட்டரில் படித்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே சத்தமாகப் பதில் சொல்லுவாள். குழம்பில் புளி கூடிவிட்டது என்றாலும் மெயில்தான்.

"இப்ப ஒரு வாரமா வீடு ஊமையாக் கெடக்கு" என்றாள்.

வேலாயுதம் மெயில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டார். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மெயில்கள் இருந்த ஃபோல்டரை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டுத் திறந்தார். இந்தத் தடவை நின்றது. சந்தோஷமாகத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

செண்பகவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"அவரு எழுதுனதெல்லாம் எங்க?"

"ஃபோல்டரை வேற பேர்ல ஒதுக்கி வச்சேன்..." என்று இழுத்தார் வேலாயுதம். சாப்பிட்டுத் திரும்பிய சுகந்தி வாசலில் நின்று இதைக் கேட்டாள்.

"பத்திரமா இருக்கும்மா. அண்ணாச்சி ஒதுக்கித்தான் வச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி எடுத்தாள். பிறகு பழைய இடத்தில் வைத்தாள். கடைசியாக வந்த மெயிலைத் தானாகவே திறந்து காட்டும் பகுதியை நிறுத்திவிட்டு, மென்பொருளை ஓட்டினாள். மூடிக்கொள்ளவில்லை. நல்லபெருமாள் எழுதியது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சுகந்தி ஒவ்வொன்றாகத் திறந்தாள். பழையவை எல்லாம் திறந்தன. கடைசியாக வந்து மேலே இருந்ததைத் தொட்டதும் திரை உறைந்து மூடிக்கொண்டது.

"இந்த ஒண்ணுதான்" என்றாள்.

"அழிச்சிரலாம்லா?" என்றார் வேலாயுதம், வந்த நிம்மதியில்.

"அழிச்சிருங்க" என்றாள் செண்பகவல்லியும்.

அவள் சொன்ன அவசரம் சுகந்திக்குப் புரியவில்லை. "என்னம்மா எழுதியிருக்காங்கன்னு தெரியுமா?"

செண்பகவல்லி முந்தானையை விரலில் சுற்றினாள். "அன்னைக்கு நான் ரொம்பப் பேசிட்டேன். நான் கத்துதேன், நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களேன்னுட்டேன். அவரால என்ன பண்ண முடியும்? விடுவிடுன்னு உள்ள போய் இதை அனுப்பினாரு. அதுல இருந்து மூஞ்சியே பாக்கல. பேப்பர்ல எழுதுங்கன்னு நீட்டுனேன். கம்ப்யூட்டரைக் காட்டுதாரு. படின்னு சைகை காட்டுதாரு. அதை அவரு லேப்டாப்ல போய்ப் பாக்க எனக்குத் துணிச்சல் இல்ல. நல்லதா எழுதியிருப்பாரா? வேண்டாம்மா. அழிச்சிருங்க."

வேலாயுதத்தின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. சுகந்தி அவர் கையை மெல்ல ஒதுக்கினாள்.

"அழிக்கது ஒரு நொடி வேலைம்மா. படிச்சிட்டுச் சொல்லுங்க."

மெயிலை வெறும் எழுத்தாக மட்டும் காட்டும்படி மாற்றினாள். திரையில் வரிகள் வரத் தொடங்கியதும் அதை செண்பகவல்லி பக்கம் திருப்பிவிட்டு எழுந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்று அவரையும் வெளியே கூட்டிப்போனாள்.

இருவரும் வாசலில் நின்றார்கள். வேலாயுதம் உள்ளே எட்டிப் பார்க்கப் போனார், சுகந்தி தடுத்தாள். அப்புறம் உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"இங்க வாம்மா, இந்தக் கூத்தைப் பாரு" என்று செண்பகவல்லி கூப்பிட்டாள்.

எழுதியிருந்தது மூன்றே வரி. 'நீ பேசினது சரிதான். உன்மேல் கோபம் இல்லை. உன்னோடு சண்டை போடக் குரல் இல்லையே என்றுதான் கோபம்.' அதற்குக் கீழே பக்கம் பக்கமாக ஏதேதோ குறிகள் ஓடின.

"இது என்னம்மா?" என்றாள் செண்பகவல்லி.

"பூவும்மா. இணையத்துல இருந்து ஆடுத ரோஜா, மின்னுத மத்தாப்பு, ஒரு பாட்டு, எல்லாத்தையும் எடுத்து ஒட்டியிருக்காங்க. அந்தப் பாரம் தாங்காமத்தான் உங்க கம்ப்யூட்டர் மூடிக்கிச்சு."

"கெழவருக்கு ரோஜா கேக்குது" என்றாள் செண்பகவல்லி. கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

ஆட்டோ வந்தது. வேலாயுதமே கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் சாயாமல் வைத்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார்.

"அந்த மெஷின் ரொம்பப் பழசு சுகந்திம்மா. இன்னொரு தடவை இப்படி எதையாவது ஒட்டி அனுப்பினா மறுபடியும் விழும். இனிமே வெறும் எழுத்து மட்டும் அனுப்பச் சொல்லி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி விடவா?"

சுகந்தி அடுத்த கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அனுப்பட்டும். விழுந்தா எடுத்து நிறுத்திக்குவோம்."